தொட்டியைக் கவிழ்த்த கை

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதி. திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்து மூன்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் மாத்தளை மாவட்டத்தில், உக்குவளைப் பக்கம். நெருப்பு எங்கள் வரைக்கும் வரவில்லை. ஆனாலும் அந்த மார்ச் மாதத்து இரவுகளில் ஊரில் எவரும் சரியாகத் தூங்கவில்லை.

அன்று ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞான பாடம். ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள் பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகாயத்தாமரை, சல்வீனியா என்று பெயர்களை வரிசையாகப் போட்டுவிட்டுக் கீழே நான்கு குறிப்புகள் எழுதினேன். வெளியிலிருந்து வந்தவை. வேகமாகப் பெருகுபவை. உள்ளூர் இனங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்பவை. ஆகவே அகற்றப்பட வேண்டியவை.

மூன்றாவது வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை.

"சேர், எங்களப் பத்தியும் இப்படித்தானே பேஸ்புக்ல எழுதுறாங்க?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு நாக்கு எழவில்லை. "அது வேற, இது வேற மகள். பாடத்தக் கவனிங்க" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் நான்கு குறிப்புகளையும் பரீட்சைக்கு வரும் என்று சொல்லிக் கொப்பியில் எழுதவைத்தேன். அது வேறு, இது வேறு என்றால் எப்படி வேறு? அதை நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரியவும் இல்லை.

இந்தக் கட்டுரை அவளுக்குக் கொடுக்கப்படாமல் போன அந்த விடையைத் தேடிய கதைதான். அதைத் தேடப் போன இடத்தில் என்னையே ஒரு குற்றவாளிக் கூண்டில் கண்டேன். ஆகவே முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. இரண்டடி நீளம். மாத்தளை டவுனில் வாங்கிய சில கப்பி மீன்களும், ஈயத் தகட்டால் அடியில் கட்டிய ஒரு பிடி பச்சைச் செடியும். மயிலிறகை நறுக்கி நீருக்குள் நட்டதுபோல அத்தனை மென்மையான இலைகள். கபொம்பா என்பது அதன் பெயர். ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசன் குமிழி வருவதைக் காட்ட அதைவிட நல்ல செடி கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. எப்போது திறக்கும் என்று எவருக்கும் தெரியாது. தொட்டி அப்படியே கிடந்தால் மீன்கள் செத்துப்போகும். வீட்டுக்குக் கொண்டுபோகவும் வசதியில்லை. ஆகவே நான் ஒரு வாளியில் மீன்களையும் செடியையும் தண்ணீரோடு அள்ளிப் பாடசாலைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஊற்றினேன். மீன்கள் ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு கல்லிடுக்குகளுக்குள் ஓடி மறைந்தன. உயிர்களைச் சாகவிடவில்லை என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன். அந்த நிறைவு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

கவனியுங்கள். ஒன்பதாம் தரத்துக்கு ஆக்கிரமிப்பு இனங்கள் பற்றிப் பாடம் நடத்திய அதே மனிதன்தான் நான். அறியாமையால் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பாடம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாடத்தில் ஆகாயத்தாமரை இருந்தது, சல்வீனியா இருந்தது. என் கையிலிருந்த வாளி இருக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் அந்த ஓடையின் ஒரு வளைவில், மரம் வெட்டப்பட்டு வெயில் விழும் இடத்தில், மயிலிறகு இலைகள் அடர்ந்து அசைவதைக் கண்டேன். ஒரு பிடி செடி ஓர் அறையளவு பரப்பாகியிருந்தது. கையை விட்டு இழுத்தேன். தண்டு இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டு நீரோடு போனது. கபொம்பாவில் அந்தத் துண்டே புதிய செடியாகிவிடும்.

எங்கள் ஓடை சுது கங்கையில் விழுகிறது. சுது கங்கை சாதாரண ஆறு அல்ல. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலியின் நீர் சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து அதில்தான் கலக்கிறது. அங்கிருந்து அம்பன் கங்கை, போவதென்ன. போவதென்னவிலிருந்து ஒரு கிளை கலாவாவிப் பக்கம் போய் வறண்ட பிரதேசத்துக் குளங்களை நிரப்புகிறது. நான் ஊற்றியது ஓர் ஓடையில் என்று நினைத்திருந்தேன். ஒரு வாளியைக் கவிழ்த்தவன் எத்தனை வயல்களின் தலைவாசலில் நின்றிருக்கிறேன்!

அந்த இரவு தொலைபேசியில் இவற்றைத் தேடி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் கண்டேன்.

கிரிப்டோகொரைன் பெக்கெட்டி என்று ஒரு நீர்ச்செடி. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரோடைகளின் ஓரத்தில், நிழலில், பாதி நீருக்குள் வளரும். இலங்கைக்கே உரியது. சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்று ஒரு கிழங்கு உண்டல்லவா, அதைத் தரும் செடிக்கு இது நெருங்கிய உறவு. மாத்தளைக் கிழக்கில் இதைச் சேகரித்தவர் பெக்கெட் என்ற கோப்பித் தோட்டத்துரை. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருந்த துவைற்ஸ் இட்ட பெயரை, அவருக்குப் பின் அங்கு வந்த டிரிமென் 1885இல் வெளியிட்டார். பெக்கெட் பிற்காலத்தில் நியூசிலாந்துக்குப் போய்ப் பாசி வகைகளைச் சேகரித்தார். அவருடைய பெயர் எங்கள் ஓடையோரத்துச் செடியில் தங்கிவிட்டது.

அழகான செடி என்பதால் இது உலகத்து மீன் தொட்டிகளுக்கெல்லாம் போனது. 1993இல் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் என்ற ஆற்றில் இது வேரூன்றி வளர்வதைக் கண்டார்கள். யாரோ ஒருவர் மீன் தொட்டியைக் காலி செய்தபோது போயிருக்க வேண்டும் என்பதே பொதுவான ஊகம். அந்த ஆறு நிலத்தடி ஊற்றிலிருந்து பிறப்பது. வருடம் முழுவதும் ஏறத்தாழ 22 பாகை வெப்பம், தெளிந்த நீர். 1998க்கும் 2000க்கும் இடையில், இரண்டே வருடங்களில், செடி பிடித்திருந்த பரப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆனது.

அதே ஆற்றில் ஒரு காட்டு நெல் இருக்கிறது. டெக்சஸ் காட்டு நெல் என்பார்கள். நீரோட்டத்தோடு நீண்ட கூந்தல்போல் கிடந்து அசையும் புல். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை; அந்த ஆற்றின் மேற்பகுதியில் சில கிலோமீற்றர் தூரம் மட்டுமே அதற்குரிய முழு உலகம். 1978இல் அழிவாபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மாத்தளையிலிருந்து போன செடி அந்த நெல்லின் இடத்தில் படரத் தொடங்கியபோது அங்குள்ளவர்கள் சுழியோடிகளை இறக்கி, உறிஞ்சு குழாய்களைக் கொண்டு அதை வேரோடு எடுக்க வேண்டியிருந்தது.

வாசித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். கபொம்பா அமெரிக்கக் கண்டத்துச் செடி. அங்கிருந்து வந்ததை நான் இங்கே ஊற்றியிருக்கிறேன். இங்கிருந்து போனதை யாரோ ஒருவர் அங்கே ஊற்றியிருக்கிறார். அவரும் நல்லெண்ணத்தோடுதான் ஊற்றியிருப்பார். அவருடைய மீன்களும் ஒரு கணம் திகைத்துப் பிறகு ஓடியிருக்கும். முகம் தெரியாத அந்த மனிதரோடு எனக்கு ஓர் உறவு வந்துவிட்டதுபோல இருந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பெக்கெட்டி ஆக்கிரமிப்பாளனா?

எங்கள் ஓடையோரத்தில் அது எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. நிழல் அதை அடக்குகிறது. பருவமழை வெள்ளம் அதைப் பிடுங்குகிறது. நீர் வற்றும் மாதங்களில் சேற்றில் ஒடுங்கிக் கிடக்கிறது. கூடவே பிறந்த மற்றச் செடிகளும் பூச்சிகளும் அதனோடு கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. இங்கே அது நாம் காப்பாற்ற வேண்டிய ஒன்று. சான் மார்கோசில் அதே செடி, அதே வேர், அதே இலை. ஆனால் அகற்ற வேண்டிய ஒன்று. ஆக்கிரமிப்பு அதன் இரத்தத்தில் இருந்தால் அது மாத்தளையிலும் ஆக்கிரமித்திருக்க வேண்டும். ஆகவே அது செடியின் குணமல்ல. கட்டுப்படுத்தும் துணைகள் எவையும் இல்லாத ஓர் இடத்தில் ஓர் உயிரைத் தனியே கொண்டுபோய்ப் போட்டதன் விளைவு.

சல்வீனியாவின் கதையும் இதையே சொல்கிறது. பிரேசிலைச் சேர்ந்த அந்த மிதக்கும் பன்னம் 1939இல் கொழும்புக்கு வந்தது தாவரவியல் கற்பிப்பதற்காக. ஆம், என்னைப் போல ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியிருக்கிறார். பிறகு அது வயல்களையும் குளங்களையும் மூடியது. 1986இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தச் செடியையே உண்டு வாழும், அதன் சொந்த நாட்டு வண்டு. பல இடங்களில் செடி அடங்கியது. இத்தனை காலமும் இல்லாமற்போயிருந்தது அந்த வண்டுதான்.

அப்படியானால் செடியைப் பிடுங்குவது அநியாயமா? குற்றமற்ற ஒன்றைக் கொல்லலாமா? இந்தக் கேள்வி என்னைச் சில நாட்கள் அலைக்கழித்தது. எங்கள் பாடசாலையில் இஸ்லாம் பாடம் நடத்தும் மௌலவியிடம் ஓடையில் ஊற்றிய விஷயத்தைச் சொன்னேன். என் மனதைத் தேற்ற முயன்றார்.

"நீங்க கெடுதி நெனச்சு செய்யல்லையே மாஸ்டர். நிய்யத்து நல்லதுதானே."

எண்ணத்தை வைத்தே செயல் எடைபோடப்படும் என்பது நமக்கு மத்ரஸாப் பருவத்திலேயே பதிந்த பாடம். ஆனாலும் நான் கேட்டேன்: "என்ட நிய்யத்து ஓடைக்குத் தெரியுமா மௌலவி?"

அவர் சற்று யோசித்தார். பிறகு சொன்னதை நான் மறக்கமாட்டேன். "தவறுதலா ஒருத்தர்ட பொருள ஒடச்சா பாவம் இல்ல. ஆனா ஈடு குடுக்கத்தான் வேணும். தவறுதலா ஒரு உயிர் போனாலும் ஈடு இருக்கு. குத்தம் வேற, ஈடு வேற."

எனக்குத் தேவைப்பட்ட கத்தரி அதுதான். குற்றம் வேறு, பொறுப்பு வேறு, தீங்கு வேறு. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருந்ததால்தான் அன்று அந்தப் பிள்ளைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செடி தீங்கு செய்கிறது. ஆனால் அதற்குக் குற்றமும் இல்லை, பொறுப்பும் இல்லை. அது யோசிக்கவில்லை, நிறுத்தவும் முடியாது. நான் குற்றம் நினைக்கவில்லை. ஆனால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. செடியைப் பிடுங்குவது அதற்குத் தண்டனை அல்ல. நான் கொடுக்க வேண்டிய ஈடு. அந்தக் காட்டு நெல்லுக்குப் போக வேறு இடம் இல்லை என்பதற்காக, வெறுப்பில்லாமல், தலை குனிந்து செய்ய வேண்டிய வேலை. கை என்னுடையது என்பதை மறந்து செடியைத் திட்டிக்கொண்டு பிடுங்கினால் நான் இரண்டாம் முறையும் பிழை செய்கிறேன்.

என் இரக்கத்திலும் ஒரு குறை இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்த பத்து மீன்களோடு அது நின்றுவிட்டது. ஓடைக்குள் ஏற்கெனவே குடியிருந்தவற்றை அது பார்க்கவில்லை. கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்காத இரக்கம் பாதி சுயதிருப்திதான்.

இனி மனிதருக்கு வருவோம். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதல் பதில் தாவரவியலுக்குள்ளேயே இருக்கிறது. அந்நியம் என்பதும் ஆக்கிரமிப்பு என்பதும் ஒன்றல்ல. விஞ்ஞானிகள் இரண்டு சொல் வைத்திருப்பது சும்மா இல்லை. கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் நம் பக்கம் வந்தது. அது இல்லாமல் இன்று எந்த இனத்தவரின் வீட்டிலும் சம்பல் இல்லை. 1867இல் லூல்கந்துரவில் தோட்டப்பயிராகத் தொடங்கிய தேயிலை நாட்டின் முகவரியாகவே ஆகிவிட்டது. வந்தவற்றில் மிகச் சிலவே ஆக்கிரமிப்பவை. ஆகவே 'வெளியிலிருந்து வந்தவை' என்ற என் முதல் குறிப்பிலிருந்து 'அகற்றப்பட வேண்டியவை' என்ற கடைசிக் குறிப்புக்குப் பாதை கிடையாது. நான்கையும் ஒரே மூச்சில் எழுதவைத்தது என் பிழை.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். செடியைப் பற்றி அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பொருள் உண்டு. ஏனென்றால் செடியிடம் கேட்க வேறொன்றும் இல்லை. அதனோடு பேச முடியாது. மனிதனிடம் பேசலாம். அவன் அயலவனின் மொழியைக் கற்கிறான், கடன் கொடுக்கிறான், மையத்து வீட்டுக்கு வருகிறான், பிழை செய்தால் மன்னிப்புக் கேட்கிறான். என்ன செய்தாய் என்று கேட்கக்கூடிய ஓர் உயிரிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பவன் அந்த உயிரைச் செடியாக்கிவிடுகிறான். செடியாக்கிய பின் பிடுங்குவது எளிது. வெறுப்புக்கு அந்த உவமை இத்தனை வசதியாக இருப்பதன் காரணம் அதுதான்.

இங்கே நிறுத்திக்கொண்டால் நமக்கு இதமாக இருக்கும். ஆனால் நிறுத்த முடியாது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையை மறுத்தது. மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறக்க 2003 வரை சென்றது. அந்த மக்களை எங்கள் ஊர்க் கடைத்திண்ணைகளில் எந்தத் தொனியில் பேசிக் கேட்டு வளர்ந்தேன் என்பது எனக்குத் தெரியும். 'தோட்டத்து ஆக்கள்' என்ற சொல்லை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். அதில் இருந்ததும் எங்கிருந்து வந்தவர்கள் என்ற அந்தக் கேள்விதான்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் மன்னாரைச் சேர்ந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவன். அங்கே பத்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்த பிறகும் சாமான் வாங்கப் போனால் தன்னை 'அகதிப் பெடியன்' என்றே அழைத்தார்கள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னான். அழைத்தவர்கள் அந்நியர் அல்லர். பள்ளியில் அவனுக்குப் பக்கத்து ஸஃப்பில் நின்றவர்கள். ஆகவே அந்தக் கேள்வி நம்மை நோக்கி மட்டும் எறியப்படும் கல் அல்ல. நம் கையிலும் அது இருக்கிறது. எறியாதபோதும் அதன் பாரம் நமக்குத் தெரிய வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறை, மழை இல்லாத சனிக்கிழமைகளில், சில மாணவர்களோடு அந்த வளைவுக்குப் போகிறேன். தண்டு உடையாமல் வேரோடு எடுக்கப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பழகிவிட்டார்கள். கீழே ஒருவன் பழைய நுளம்பு வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், உடைந்த துண்டுகள் தப்பாமல் இருக்க. எடுத்ததை மைதானத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு எருக்குழியில் போடுகிறோம். முழுவதும் போகவில்லை. போகும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் யார் ஊற்றியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் நாளே சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிகத் தைரியம் தேவைப்பட்டது.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, ஊரில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சென்ற நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய கேள்வியை ஞாபகப்படுத்தினேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன், மறக்கவில்லை. மேலே எழுதியவற்றையெல்லாம், ஓடையையும் டெக்சஸையும் மன்னார் நண்பனையும், தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதுல பாதியையாவது அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர்" என்றாள். "நான் எத்தன நாள் அந்தக் கொப்பியப் பாத்துட்டு இருந்திருப்பன்."